ஒரு கொத்துத் தவிடு

அம்மாவின் செத்தவீட்டில் என்னைவிடச் சத்தமாக அழுதவர்கள் பலர். அவர்களில் பாதிப் பேரை யாரென்றே எனக்குத் தெரியாது. கிண்ணியாவிலிருந்து ஒரு வான் வண்டியில் வந்திறங்கிய பெண்கள் "எங்கட மிஸ்ஸி, எங்கட மிஸ்ஸி" என்று ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து அழுதார்கள். ஒரு கிழவர் சாரத்தைச் சற்று உயர்த்தி, முழங்காலுக்குக் கீழே இருந்த தழும்பை எல்லோருக்கும் காட்டினார். அம்மா மூன்று மாதம் மருந்து கட்டி ஆற்றிய புண்ணாம். தலைமாட்டில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்த என்னிடம் ஒரு பெண், "நீங்க மிஸ்ஸிக்கு என்ன முறை?" என்று கேட்டார். மகள் என்றேன். "மிஸ்ஸிக்குப் பிள்ளை இருந்ததா?" என்றார், ஆச்சரியத்தை மறைக்காமல். அவர் மேல் பிழையில்லை. சின்ன வயதில் எனக்கே அந்தச் சந்தேகம் இருந்தது.

அம்மா எண்பத்தாறு வயதுவரை இருந்தார். அதில் முப்பத்துநான்கு வருடங்கள் ஆஸ்பத்திரித் தாதியின் வெள்ளைச் சட்டையில் போயின. பென்சன் எடுத்த பிறகும் எங்கள் விறாந்தையில் காய்ச்சல்காரரும் கட்டுப்போட வந்தவர்களும் குந்தியிருந்தார்கள். சண்டைக் காலத்தில் ஊரே மூட்டை கட்டியபோது என்னைச் சித்தியோடு அனுப்பிவிட்டு, தான் வார்டிலேயே தங்கிவிட்டார். நல்ல மனுசி என்று ஊர் சொல்லும். உண்மைதான். ஆனால் ஊருக்கெல்லாம் கொடுத்து மீந்த அம்மாதான் எனக்குக் கிடைத்தார் என்பதை யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

நாங்கள் அன்புவழிபுரத்தில் இருந்தோம். அப்பா துறைமுகத்தில் இழுவைப்படகில் வேலை செய்தவர். நான் தவழுகிற வயதிலேயே ஒரு காய்ச்சலில் போய்விட்டார். அம்மாவின் தம்பி, துறைமுகக் கந்தோரில் கிளாக்கர், எங்களோடு தங்கியிருந்தார். மாமா காலையில் போனால் பொழுதுபட வருவார். அம்மாவுக்கு ஒரு கிழமை காலை வேலை, ஒரு கிழமை பின்னேர வேலை, ஒரு கிழமை இரவு வேலை. எனக்கு மட்டும் எல்லாக் கிழமையும் ஒரே வேலை. கழுத்தில் கறுப்பு நூலில் தொங்கும் திறப்பால் கதவைத் திறப்பது, குசினியில் மூடி வைத்த சோற்றைத் தின்பது, பிறகு வாசற் படலையில் ஏறி நின்று றோட்டைப் பார்ப்பது. கப்பல் ஊதினால் ஊதி முடியும்வரை நானும் கூடவே ஊதுவேன். வேறு பேச்சுத்துணை இல்லை.

மாமா நல்லவர். ஆனால் பிள்ளைகளைப் பகிடி பண்ணாமல் அவருக்குச் சோறு இறங்காது. "உன்னை ஆர் பெத்தது எண்டு நினைக்கிறாய்? உன்னை ஒரு கொத்துத் தவிட்டுக்கு வாங்கினது" என்பார். கொத்து என்றால் அரிசி அளக்கிற ஒரு சிறு படி. எங்கள் பக்கத்தில் இந்தப் பகிடியைக் கேட்காமல் வளர்ந்த பிள்ளையே இல்லை. ஆனால் மற்ற வீடுகளில் சொல்லிச் சிரித்துவிட்டு விட்டுவிடுவார்கள். மாமா கந்தோர்க்காரர் அல்லவா, விபரத்தோடு சொல்வார். "ஈச்சிலம்பற்றில ஒரு மனிசி. பாவம், பிள்ளையைக் குடுத்திட்டு அழுதழுது போனவ. நீ குழப்படி செய்தால் அதே தவிட்டைக் கொண்டுவந்து குடுத்திட்டு உன்னைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போயிடுவா." முதலில் நம்பவில்லை. ஆனால் தனியாக இருக்கிற பிள்ளைக்கு யோசிக்க நேரம் அதிகம். அம்மா சிவப்பு, நான் கறுப்பு. அம்மாவின் தலைமயிர் கோரை, எனக்குச் சுருள். அம்மா ஊர்ப்பிள்ளைகளை எல்லாம் தூக்கிக் கொஞ்சுவார், என்னைப் பார்த்தால் சாப்பிட்டாயா, குளித்தாயா என்று மட்டும் கேட்பார். ஒன்பது வயதில் இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

அது ஒரு சனிக்கிழமை. அம்மாவுக்குக் காலை வேலை, மாமா சிநேகிதர் வீட்டுக்குப் போயிருந்தார். பதினொரு மணியிருக்கும், படலைக்கு வெளியே ஒரு பெண் வந்து நின்றார். கறுத்த, மெலிந்த, சுருள் தலைமயிர்ப் பெண். ஒரு கையில் தென்னோலையால் சுற்றிக் கட்டிய தயிர்ச்சட்டி, மறு கையில் புல்லால் இழைத்த பன்பை. பக்கத்தில் புதுச்சட்டை போட்ட ஒரு சிறுமி, ஏழு வயதிருக்கும்.

"மிஸ்ஸியிட வீடுதானே மகள்? மிஸ்ஸி நிக்கிறாவோ?"

மருந்துக்கு வந்தவர்கள் என்று நினைத்தேன். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டேன். ஆஸ்பத்திரிக்காரியின் மகள் அப்படித்தான் முதலில் கேட்க வேண்டும்.

"ஈச்சிலம்பற்று மகள். மூதூருக்கு வந்து கடலால லாஞ்சி ஏறி வந்தனாங்கள்."

படலையைப் பிடித்துக்கொண்டு, பைக்குள் என்ன என்று கேட்டேன். பெண் சிரித்தார். முன்பற்களுக்கு நடுவே எனக்கு இருப்பது போலவே ஒரு இடைவெளி.

"தவிடு மகள். குடுத்த பிள்ளையைத் திருப்பி வாங்க வந்தனாங்கள். இண்டைக்கு நல்ல நாள்."

அந்த நேரத்தில் சிறுமி அவருடைய சேலையைப் பிடித்து இழுத்து, "மாமி, தண்ணி" என்றாள். மாமி என்றாள். ஆகவே அந்தப் பிள்ளை அவருடையதல்ல. அவருடைய பிள்ளை வேறு எங்கோ இருக்கிறது. வேறு எங்கோ என்ன, படலையைப் பிடித்துக்கொண்டு இங்கே நிற்கிறது. மாமா ஒரு சொல்லும் பொய் சொல்லவில்லை.

அன்று நான் சொன்ன பொய்யை எப்படிக் கண்டுபிடித்தேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. "அந்த மிஸ்ஸி இப்ப இஞ்ச இல்லை. மட்டக்களப்புக்கு மாறிப் போயிட்டா. நாங்கள் வேற ஆக்கள்" என்றேன். குரல்கூட நடுங்கவில்லை.

பெண் என் தலைக்கு மேலாகப் பார்த்தார். எனக்குப் பின்னால், முற்றத்துக் கொடியில், கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை ஒன்றும் தொப்பி ஒன்றும் காய்ந்துகொண்டிருந்தன. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இன்னொரு பொய் சொல்லியிருப்பேன். அவர் கொஞ்ச நேரம் அந்தச் சட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு "சரி மகள்" என்றார். சிறுமிக்கு நான் தண்ணீர் கொடுத்தேன். அவள் குடித்து முடித்ததும் பெண் தயிர்ச்சட்டியைப் படலைக்கு மேலால் என்னிடம் நீட்டினார். "இதை வச்சுச் சாப்பிடுங்கோ. திருப்பிக் கொண்டு போனால் புளிச்சிடும்." பன்பையை மட்டும் எடுத்துக்கொண்டு, சிறுமியின் கையைப் பிடித்து, வந்த வழியே நடந்தார். நான் வீட்டுக்குள் ஓடிக் கதவைப் பூட்டி, அலுமாரிக்குப் பின்னால் போய் இருந்துகொண்டேன். அவர்கள் போய்விட்டார்கள் என்ற சந்தோசம் ஒரு பக்கம். பெற்றவளை வாசலோடு அனுப்பிவிட்டேனே என்ற துக்கம் ஒரு பக்கம். இரண்டுக்குமாகச் சேர்த்து அழுதேன்.

அம்மா வழக்கமாக ஒன்றரைக்கு வருவார். அன்று இரண்டரை ஆகிவிட்டது. கை கழுவக் குசினிக்குள் போனவர் அங்கேயே நின்றுவிட்டார்.

"ஆர் வந்தது?"

பொய் சொன்ன பிள்ளை தயிர்ச்சட்டியை ஒளிக்க மறந்திருந்தது. அம்மா சட்டியைச் சுற்றியிருந்த ஓலைப் பின்னலைப் பார்த்தார், நாட்காட்டியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேரிடம் உண்மை கறந்த கண்கள். நான் எல்லாவற்றையும் சொன்னேன், மட்டக்களப்பு உட்பட. அம்மா அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. "லாஞ்சி நாலு மணிக்கு" என்றார். சட்டைகூட மாற்றாமல், பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு றோட்டுக்கு வந்தார்.

என்னைக் கொடுக்கத்தான் கூட்டிக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். ஒரு மாற்றுச்சட்டையாவது எடுத்திருக்கலாம் என்றும் நினைத்தேன்.

பஸ்ஸுக்கு நிற்க அவசியமே வரவில்லை. கிண்ணியாவுக்கு வெறும் மீன்பெட்டிகளோடு திரும்பிக்கொண்டிருந்த லொறி ஒன்று தானாகவே நின்றது. "மிஸ்ஸி, எங்க இந்த வெயிலுக்குள்ள? ஏறுங்க, கொண்டு விடுறன்" என்றார் சாரதி. அம்மா இடத்தைச் சொன்னதும் எதிர்ப்பக்கமாக இருந்தும் லொறியைத் திருப்பினார். அவருடைய மூத்த மகன் பிறந்தபோது அம்மாதான் கூட நின்றாராம். துறைமுகப் பக்கம் போகும்வரை அந்த மகனின் குழப்படிகளைச் சொல்லிக்கொண்டு வந்தார். அம்மா "ஓம், ஓம்" என்றுகொண்டு, சட்டையில் குத்தியிருந்த மணிக்கூட்டைப் பார்த்தபடி இருந்தார்.

நடுவில் ஒரு தடவைதான் என் பக்கம் திரும்பினார். "அந்தப் பிள்ளை ஏன் மாமி எண்டு கூப்பிட்டது தெரியுமோ?" என்று கேட்டுவிட்டு, தானே சொன்னார். அந்தப் பெண்ணுக்கு அதற்கு முன் மூன்று குழந்தைகள் பிறந்து, மூன்றும் தங்கவில்லை. நான்காவது பிறந்தபோது, அதை வேறொருத்திக்குத் தவிட்டுக்கு விற்றுவிடு, அப்போதுதான் நிலைக்கும் என்று ஊரில் சொன்னார்கள். தவிட்டு விலைக்குப் போன பிள்ளை, அதுவும் அடுத்தவள் பிள்ளை, எமனுக்கு எதற்கு? வார்டில் வேறு யாரையும் தெரியாததால் அந்தப் பெண் அம்மாவைக் கேட்டார். அம்மா வெளியே மாட்டுத்தீவனக் கடையிலிருந்து ஒரு கொத்துத் தவிடு எடுப்பித்துக் கொடுத்துப் பிள்ளையை வாங்கி, வாங்கிய பிள்ளையை வளர்க்கச் சொல்லி அந்தப் பெண்ணிடமே கொடுத்தார். ஏழு வருடம் முடியும்வரை பிள்ளை, வாங்கிய என் அம்மாவைத்தான் அம்மா என்று சொல்ல வேண்டும். பெற்றவளை மாமி என்றுதான் கூப்பிட வேண்டும், மறந்தும் மாற்றிக் கூப்பிடக் கூடாது. வருடம்தோறும் வெருகல் திருவிழாவுக்கு முதலுதவி வேலை என்று அம்மா போய்வந்தது வேலைக்கு மட்டுமல்ல, அந்தப் பிள்ளைக்குப் புதுச்சட்டை கொடுக்கவும்தான். மாமா இந்தக் கதையைத்தான் எடுத்து எனக்குப் போட்டுவிட்டிருக்கிறார்.

இதைக் கேட்டு எனக்கு ஆறுதல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. என் அம்மாவை இன்னொருத்தி ஏழு வருடமாக அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள் என்பது மட்டும்தான் மண்டைக்குள் ஏறியது. அந்தப் புதுச்சட்டையும் அம்மா வாங்கிக் கொடுத்ததாகத்தான் இருக்கும். எனக்கு அந்த வருடம் தீபாவளிக்குத்தான் சட்டை வந்தது.

லாஞ்சி புறப்பட இன்னும் நேரமிருந்தது. அரிசி மூட்டையும் மண்ணெண்ணெய்த் தகரமும் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் இறங்குதுறைப் பாலத்தின் ஓரமாக ஒரு மரக்குற்றியில் இருந்தார். சிறுமி அவர் மடியில் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். வெள்ளைச் சட்டையைக் கண்டதும் பெண் எழப் பார்த்தார். அம்மா அவர் தோளை அழுத்தி இருத்திவிட்டு, அந்த அழுக்குக் குற்றியில் தானும் பக்கத்தில் இருந்தார். சட்டையில் ஒரு விரல்பட்டால்கூடத் திரும்பத் தோய்க்கிற அம்மா.

"நான் பிழையா ஒண்டும் நினைக்கேல்ல மிஸ்ஸி" என்றார் பெண். "கொடியில சட்டையைக் கண்டனான். ஏழு வருசம் உங்கட பிள்ளை. குடுக்க மனம் வரேல்ல எண்டு விளங்கிச்சு. நீங்கள் இல்லாட்டி அது இருந்திருக்காது. உங்களிட்ட நான் வாய் காட்ட ஏலுமோ?"

அம்மா தூங்கும் பிள்ளையின் நெற்றி மயிரை ஒதுக்கிவிட்டார். பிறகு, "எனக்கு ஒண்டுமே தெரியாது. நான் வார்டில நிண்டனான்" என்றார். "உங்கட பிள்ளையைக் கேட்டு நீங்கள் வரேக்க நான் ஒளிப்பனோ?"

என் பக்கம் பார்க்கவில்லை. பார்த்து, பொய் சொன்னது இவள்தான் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். என்னைக் காட்டிக்கொடுக்காமலே அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டார். அந்தப் பெண் எல்லாம் விளங்கியவர் மாதிரி என் தலையைத் தடவினார். நான் விலகி நின்றேன்.

சிறுமியை எழுப்பினார்கள். வீட்டில் விளக்குக்கு முன்னால் செய்ய வேண்டியதைப் பாலத்தில், கோணேசர் மலை இருக்கிற பக்கமாகப் பார்த்து நின்று செய்தார்கள். அம்மா சட்டையின் முன்பக்கத்தை மடியாக விரித்துப் பிடிக்க, பெண் பையிலிருந்த தவிட்டை அதில் கொட்டினார். காற்றில் கொஞ்சம் பறந்து அம்மாவின் முகத்திலும் தொப்பியிலும் ஒட்டியது. சாமான் ஏற்றிய ஆட்கள் கைவேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அம்மா சிறுமியிடம் குனிந்து, "இனி நான் மிஸ்ஸி. இவதான் உங்கட அம்மா. கூப்பிடுங்கோ பாப்பம்" என்றார். சிறுமி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை. "விடுங்கோ மிஸ்ஸி, பேந்து கூப்பிடட்டும்" என்றார் பெண். சொன்னாரே தவிர, பிள்ளையின் வாயைவிட்டு அவருடைய கண் எடுபடவில்லை.

லாஞ்சி கூவியது. பெண் முதலில் ஏறி, உள்ளே நின்று கையை நீட்டினார். லாஞ்சி அலையில் ஆடிக்கொண்டிருந்தது. பாலத்துக்கும் அதற்கும் நடுவே ஒரு முழ இடைவெளி, கீழே பச்சைத் தண்ணீர். விளிம்புக்கு வந்த சிறுமி தண்ணீரைக் கண்டு பயந்து, திரும்பி, "அம்மா" என்று கத்தினாள். கத்தியது என் அம்மாவைப் பார்த்துத்தான். அம்மாவின் கை தானாக எழுந்தது. தவிட்டு மடி ஒரு பக்கம் நழுவியது. எழுந்த கையை அம்மா இழுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். பிடிக்க வேறு கை இல்லாமல், சிறுமி எதிரே நீண்டிருந்த கைகளுக்குள் பாய்ந்தாள். பாய்ந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு இன்னொரு தரம் அம்மா என்றாள். அந்தப் பெண் அப்படியே மூட்டைகளுக்கு நடுவே இருந்துவிட்டார். அவர் அழுத சத்தம் எஞ்சின் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது.

எனக்கு நல்ல சந்தோசம். ஒருத்தி குறைந்தாள்.

லாஞ்சி குடாவைத் தாண்டிப் போகும்வரை அம்மா அங்கேயே நின்றார். பிறகு மடியில் மிஞ்சிய தவிட்டைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு நடக்கத் தொடங்கினார். திரும்பிப் போக லொறி இல்லை. கடற்கரை றோட்டால் நடந்தோம். அம்மா பேசாமல் வந்தார். என்னால் பேசாமல் வர முடியவில்லை.

"என்னை எத்தினை கொத்துக்கு வாங்கினீங்கள்?"

அம்மா நின்றார். "உன்னை நான் பெத்தனான் பிள்ளை. மாமாவுக்கு வேற வேலையில்லை" என்றார். கொஞ்சத் தூரம் நடந்த பிறகு, நான் கேட்காமலே சொன்னார். "உனக்கு முன்னம் ரெண்டு பேர் பிறந்தவை. ரெண்டு பேரும் போயிட்டினம். உன்னையும் ஆரிட்டையாவது தவிட்டுக்குக் குடுக்கச் சொல்லி எல்லாரும் சொன்னவை. குடுக்கத்தான் நினைச்சனான். நீ இன்னொருத்தியை அம்மா எண்டு கூப்பிடுறதை ஏழு வருசம் கேட்டுக்கொண்டிருக்க என்னால ஏலாமப் போச்சு. அந்த மனிசிக்கு இருந்த துணிவு எனக்கு இருக்கேல்ல."

நான் அழத் தொடங்கினேன். அம்மா பதறிப்போய்க் குனிந்து என்ன என்று கேட்டார். இறந்துபோன இரண்டு பேருக்காக அழுகிறேன் என்று நினைத்திருப்பார்.

"எனக்கு ஒருத்தரும் தவிடுகூடக் குடுக்கேல்ல" என்றேன்.

அம்மா சிரித்தார். தவிடு ஒட்டிய முகத்தோடு, றோட்டில் நின்று, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். அப்படி அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தரம்தான். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். சாதாரணமாகப் பிள்ளைகளின் கையைப் பிடிப்பதுபோல் இல்லை. பெருவிரலுக்குக் கீழே, மணிக்கட்டில் மூன்று விரலை வைத்து அழுத்திப் பிடித்திருந்தார். மற்றக் கையால் மணிக்கூட்டை நிமிர்த்திப் பார்த்தபடி, வாய்க்குள் ஏதோ எண்ணிக்கொண்டு வந்தார். அது என் நாடி என்பதும், ஊர் சொன்ன காவலைச் செய்யாமல் தன் ஆசைக்காக வைத்துக்கொண்ட பிள்ளை என்று அவர் ஒவ்வொரு நாளும் பயந்துகொண்டே இருந்திருக்கிறார் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. என்னோடு வரும்போதுகூட அம்மாவுக்கு வார்டு நினைவுதான் என்று எண்ணினேன். கோபத்தில் கையை உதறிக்கொண்டு, தனியாக முன்னால் நடந்தேன்.